தடுத்த ஆவியாரே நடத்துகிறார்

(வானொலி மறையுரை: திருத்தூதர் பணிகள் 16:1-10)

 

இன்று பாஸ்கா காலத்தின் ஐந்தாம் வாரம், சனிக்கிழமை. திருப்பலியில் திருத்தூதர் பணிகள் நூலின் 16ஆம் அதிகாரத்திலிருந்து முதல் பத்து வசனங்கள் வாசிக்கப்படுகின்றன. ஊர்ப் பெயர்கள் நிறைந்த பகுதி. தெருபை, லிஸ்திரா, பிரிகியா, கலாத்தியா, மீசியா, பித்தினியா, துரோவா என்று வரிசையாக வரும். வாசகம் வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு நாக்கு புரளாது. பீடத்தின் முன் உட்கார்ந்திருக்கும் நமக்கும் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு கேட்பதுபோல இருக்கும். அதனாலேயே நடுவில் லூக்கா எழுதி வைத்திருக்கும் வியப்பான செய்தி ஒன்று நம் காதைத் தாண்டிப் போய்விடுகிறது.

பவுலும் உடன் சென்றவர்களும் ஆசியாவில் இறைவார்த்தையை அறிவிக்க விரும்பினார்கள். ஆசியா என்றால் இன்று நாம் சொல்லும் கண்டம் இல்லை. எபேசு நகரம் இருந்த உரோமை மாநிலம். தூய ஆவியார் அவர்களைத் தடுத்துவிட்டார். சரி, வடக்கே போவோம் என்று பித்தினியாவை நோக்கித் திரும்பினார்கள். அங்கேயும் இயேசுவின் ஆவியார் அவர்களைப் போகவிடவில்லை. கடைசியில் கடலோரத்தில் இருந்த துரோவாவுக்கு வந்து சேர்ந்தார்கள். இதற்கு மேல் நடக்க நிலம் இல்லை.

அவர்கள் வியாபாரத்துக்குப் போகவில்லை, ஊர் சுற்றிப் பார்க்கவும் போகவில்லை. நற்செய்தி அறிவிக்கப் போனார்கள். நல்ல காரியத்துக்குத் தடை வந்தால் நாம் என்ன சொல்வோம்? சாத்தான் தடுக்கிறான் என்போம். தடை நீங்க நவநாள் தொடங்குவோம், அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவோம். செய்ய வேண்டியதுதான், நானும் செய்கிறேன். ஆனால் இங்கே தடுத்தவரே தூய ஆவியார் என்கிறார் லூக்கா. எப்படித் தடுத்தார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. உடல்நலம் கெட்டதா, வழியில் ஆபத்தா, உள்ளத்தில் எழுந்த ஏதோ ஓர் அமைதியின்மையா, தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டதும் நம் நன்மைக்கே என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அந்த ஒரு வழியில் மட்டுமே ஆண்டவர் பேசுவார் என்று பிடித்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதற்கு முந்தைய அதிகாரத்தின் கடைசியில்தான் பவுலுக்கும் பர்னபாவுக்கும் மாற்குவின் பொருட்டுக் கடுமையான மனத்தாங்கல் வந்து, இருவரும் ஆளுக்கொரு திசையில் பிரிந்தார்கள். அந்தக் காயத்தோடுதான் பவுல் இந்தப் பயணத்தில் நடக்கிறார். எல்லாம் சரியாகி, வீட்டில் சண்டை ஓய்ந்து, மனம் தெளிந்த பிறகுதான் ஆண்டவரின் வழிநடத்துதலைக் கேட்க முடியும் என்று காத்திருப்பவர்கள் இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசிப்பது நல்லது.

மே மாதம் வந்தால் பங்கு இல்லங்களுக்கு ஒரு வகையான வருகை தொடங்கிவிடும். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்திருக்கும். அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை. "சாமி, பையனுக்கு எந்தப் படிப்பு ஆண்டவருக்குச் சித்தமோ அதைக் காட்டச் சொல்லி நல்லா வேண்டிக்குங்க" என்பார் அப்பா. நானும் பிள்ளையின் தலைமேல் கைவைத்து மன்றாடுவேன். ஒருமுறை அப்படிச் செபித்து முடித்ததும், பேச்சுவாக்கில், "கவுன்சலிங் எப்பங்க?" என்று கேட்டேன். "கவுன்சலிங் எதுக்குங்க சாமி? மேனேஜ்மென்ட் கோட்டாவுல போன வாரமே அட்வான்ஸ் கட்டிட்டோம்ங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றார். அம்மா புன்னகைத்தார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தத் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இராப்பகலாக உழைத்துச் சேர்த்த காசு. பிள்ளை தன்னைப்போல் கஷ்டப்படக் கூடாது என்ற தவிப்பு. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் அந்தத் தவிப்பு இல்லாத வீடு எது? ஆனால் அவர் ஆண்டவரிடம் கொண்டுவந்தது எழுதி முடித்த பத்திரம். சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி இருந்தது. நம்முடைய மன்றாட்டுகளில் பல இப்படிப்பட்டவைதான். முடிவை நாம் எடுத்துவிடுகிறோம். பிறகு அதற்கு ஆண்டவரின் பெயரை வைக்கிறோம்.

கேட்டால் ஆண்டவர் உண்மையிலேயே வழியை மாற்றிவிடுவார் என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருந்த ஒருவர் நம் மண்ணில் வாழ்ந்திருக்கிறார். அவரைப் பற்றி இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கோவையிலிருந்து அவினாசிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குக் கருமத்தம்பட்டியைத் தெரியும். அங்குள்ள செபமாலை அன்னை திருத்தலத்துக்கு அக்டோபரில் தேர் பார்க்கப் போகாத கத்தோலிக்கக் குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. அந்தக் கருமத்தம்பட்டியில், 1846ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், 32 வயதான பிரெஞ்சுக் குரு ஒருவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் என்பது அவர் பெயர். புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்ட கோயம்புத்தூர் மறைப்பணித்தளத்துக்கு அவரே முதல் ஆயர். உங்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்?

1813 டிசம்பர் 2ஆம் நாள் தெற்குப் பிரான்சில், கஸ்தெல்நோதாரி என்ற ஊரில் பிறந்தவர். தந்தை பொறியாளர், மகனுக்குத் தாமே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1838இல் குருவாகி, சொந்த ஊரிலேயே துணைப் பங்குப்பணியாளராக இருந்தார். நல்ல வேலை, அருகிலேயே குடும்பம். ஆனால் தொலைநாட்டு மறைப்பணிக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் அவரை விடவில்லை. ஆயர் உடனே சம்மதிக்கவில்லை. தந்தையோ கடுமையாக எதிர்த்தார். அவர் காத்திருந்தார், செபித்தார், தியானம் செய்தார், மீண்டும் கேட்டார். 1841இல் பாரிஸ் வேதபோதக சபையில் சேர்ந்து, 1842 ஜூலையில் புதுச்சேரி வந்து இறங்கினார். தமிழ் படித்தார், சேலத்தில் பணியாற்றினார்.

1844இல் புதுச்சேரியில் மறைப்பணியாளர்களின் மாமன்றம் ஒன்று கூடியது. இந்த மண்ணின் மைந்தர்களைக் குருக்களாக உருவாக்குவதே முதல் வேலை என்று அங்கே வலியுறுத்தப்பட்டது. பிரெசியாக் அடிகளாருக்கு அது உயிர்மூச்சு. தமிழர் குருக்களாக வேண்டும், அவர்களிலிருந்து ஆயர்கள் வர வேண்டும், ஐரோப்பியர் ஒருநாள் விலகிக்கொள்ள வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்தக் காலத்தில் எல்லா வெள்ளைக்காரக் குருக்களும் அப்படி நினைத்தார்கள் என்று சொல்ல முடியாது. புதுச்சேரியில் குருமடப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கனவு நனவாகத் தொடங்கியதே என்று மகிழ்ந்திருப்பார். மறு ஆண்டே கோயம்புத்தூருக்குப் போகச் சொன்னார்கள். வந்தார். இன்று பெரிய கடை வீதியில் நாம் காணும் தூய மிக்கேல் பேராலயத்தின் கட்டுமானம் அவர் காலத்தில் தொடங்கியதுதான்.

வாழ்நாள் முழுவதும் இந்தியாவில் இருக்கத்தான் அவர் வந்தார். ஆனால் ஆயரான பிறகு ஒரு கேள்வி அவர் மனச்சான்றில் முள்ளாகத் தைத்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடைப்பிடித்த சில வழக்கங்கள், அவற்றோடு பின்னிக் கிடந்த சாதி வேற்றுமைகள், இவற்றில் எவை வெறும் ஊர் வழக்கம், எவை நம்பிக்கைக்கு ஒவ்வாதவை? 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் இதுபற்றி ஆணை பிறப்பித்திருந்தார். அதைக் கடைப்பிடிப்பதாக மறைப்பணியாளர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். ஆனால் நடைமுறையில் ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் நடந்தார்கள். தெளிவில்லாத ஒன்றுக்கு உறுதிமொழி கொடுப்பதும், ஆயராக இருந்து மற்றவர்களிடம் அதை வாங்குவதும் எப்படி என்று பிரெசியாக் ஆண்டகை தவித்தார்.

எழுந்து போய்விடவில்லை. உரோமைக்கு எழுதினார். பதில் தெளிவாக வராதபோது மீண்டும் எழுதினார். சக ஆயர்களோடு பேசினார். தம் நாட்குறிப்புகளில் தம்மையே கேள்வி கேட்டுக்கொண்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊர் ஊராகப் போய் மக்களைச் சந்தித்தார், உறுதிப்பூசுதல் கொடுத்தார், குருமட மாணவர்களை உருவாக்கினார். 1854இல் தாமே உரோமைக்குச் சென்று தம் நிலையை விளக்கினார். 1855இல் அவருடைய பதவி விலகல் ஏற்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 41. ஆசியா அடைபட்டது என்று சொல்லலாமா?

பிரான்சில் அமைதியாக ஓய்வெடுத்திருக்கலாம். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ ஆப்பிரிக்காவில் யாரும் எட்டிப் பார்க்காத மக்களிடம் தம்மை அனுப்புமாறு உரோமையிடம் கேட்டார். தனியாளாகப் போக முடியாது, முதலில் ஒரு சபையை உருவாக்குங்கள் என்று பதில் வந்தது. பித்தினியாவும் அடைபட்டது. 1856 டிசம்பர் 8ஆம் நாள், அமல அன்னை பெருவிழாவன்று, லியோன் நகரில் ஃபூர்வியேர் அன்னையின் திருத்தலத்தில் ஒரு சில தோழர்களோடு ஆப்பிரிக்க மறைப்பணிகள் சபையைத் தொடங்கினார். 1859 மே 14 அன்று மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோனின் ஃபிரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. உடன் வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். ஜூன் 25ஆம் நாள் அவரும் இறந்தார்.

42 நாட்கள். எங்கள் ஊர் வியாபாரிகளின் கணக்குப்படி பார்த்தால் முழு நட்டம். இந்தியாவில் 12 ஆண்டுகள் உழைத்து, பாதியில் விட்டு, இன்னொரு கண்டத்துக்குப் போய் ஆறே வாரங்களில் மடிந்துபோனவர். லியோனில் இருந்த அவருடைய தோழர் அகுஸ்தீன் பிளாங்க் அடிகளார் அந்தச் சிறு சபையைக் கலைக்காமல் காத்தார். இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அது பணியாற்றுகிறது. தமிழ் இளைஞர்களும் அதில் சேர்ந்து அங்கே போகிறார்கள். கோயம்புத்தூருக்கு இந்த மண்ணைச் சேர்ந்த முதல் ஆயராக உபகாரசாமி ஆண்டகை கிடைத்தது 1940இல். பிரெசியாக் ஆண்டகை பதவி விலகி 85 ஆண்டுகள் கழித்து. 2020 மே 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக ஏற்றுக்கொண்டார். அவர் எதையும் கண்ணால் பார்க்கவில்லை.

அவர் பதவி விலகியது சரியா என்று வரலாறு படித்தவர்கள் வாதாடலாம். எனக்கு அவரிடம் பிடித்தது ஃபிரீடவுன் துறைமுகத்தில் இறங்கிய துணிச்சல்கூட இல்லை. அதற்கு முன், கோவையில், பதில் கிடைக்காத கேள்வியோடு அவர் கழித்த ஆண்டுகள். கேள்வியை மூடி வைத்துவிட்டுப் பதவியில் சுகமாக இருக்க அவருக்கு வழி இருந்தது. மனம் கசந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுக் கப்பல் ஏறவும் வழி இருந்தது. இரண்டையும் அவர் செய்யவில்லை. புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு நெறி சொல்வார்: மனம் வறண்டு கலங்கிக் கிடக்கும் நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது. கோபத்தில் வேலையை விட்டுவிட்டு, பிறகு "ஆண்டவர் என்னை வெளியே கொண்டுவந்தார்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அந்த நெறியைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, அந்த ஆயரின் உறக்கத்தைக் கெடுத்த கேள்விகளில் ஒன்று சாதி. அவர் கப்பல் ஏறிவிட்டார். கேள்வி இங்கேயே தங்கிவிட்டது. "நல்ல வரன் அமைய ஆண்டவர் வழிகாட்டட்டும்" என்று மாதாவிடம் மன்றாடுகிறோம். ஆனால் தரகரிடம் நாம் சொல்லும் முதல் நிபந்தனை என்ன? அந்த நிபந்தனையை என்றாவது நற்கருணைப் பேழையின் முன் கொண்டுபோய் வைத்திருக்கிறோமா? வீடு முழுவதையும் ஆண்டவருக்குத் திறந்து விட்டோம் என்கிறோம். ஓர் அறையின் சாவி மட்டும் நம் இடுப்பிலேயே இருக்கிறது.

இன்னோர் அறை நிலம். "அக்கா, மாதா கோயில் நோம்பிக்கு வாங்க" என்று தம்பி அன்போடு அழைப்பார். அக்கா பலகாரத்தோடு வருவார். தேர் முடிந்த மறுநாள், சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும். உயில் எழுதாமல் இறந்துபோன கிறிஸ்தவரின் பிள்ளைகளில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்கிறது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். நாடாளும் சட்டம் சொல்வதைக் கேட்கவே மனம் இல்லாதபோது, ஆவியாரின் மெல்லிய தூண்டுதலை எப்படிக் கேட்போம்? அக்கா மனமுவந்து விட்டுக்கொடுப்பதும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பேனாவைப் பிடித்தபோது கை ஏன் அந்த ஒரு நொடி நின்றது என்று தம்பிக்குத் தெரியும். அன்று இரவு அவருக்கு ஏற்பட்ட சிறு உறுத்தல் இருக்கிறதே, அதுதான் நான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருப்பது. ஆண்டவரின் வழிநடத்துதல் பெரும்பாலும் அந்த அளவில்தான் வருகிறது. மறுநாள் வேலையில் அது மறந்துபோகும். மறக்காமல் திரும்பத் திரும்ப வந்தால், அதை விரட்ட வேண்டாம்.

"சாமி, எங்களுக்கு அமைதியாக உட்கார நேரம் ஏதுங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குழாயில் தண்ணீர் நடுச்சாமத்தில் வருகிறது, ஷிப்ட் விடியற்காலையில் தொடங்குகிறது. எலியாவைப்போல் ஓரேபு மலைக்குப் போக நம்மால் முடியாது. ஆனால் சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, சைகையில்தான் பேச வேண்டும். அந்த இரைச்சலுக்குள் ஒரே ஆள் பல தறிகளை ஓட்டுவார். ஏதோ ஒரு தறியில் சத்தம் மாறினால் போதும், அவர் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். பாவு அறுந்ததா, ஊடை தீர்ந்ததா என்று பார்ப்பார். புதிதாக உள்ளே போன நமக்கு எல்லாம் ஒரே கடகடப்புத்தான். அவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? ஒழுங்காக ஓடும் தறியின் சத்தம் ஆண்டுக்கணக்கில் அவர் காதில் ஊறிப்போயிருக்கிறது. அது பிசகும்போது தெரிகிறது.

நாம் அன்றாடம் வாசிக்கும் நற்செய்தி, குடும்பச் செபமாலை, ஞாயிறு திருப்பலி, ஒப்புரவு அருளடையாளம் இவையெல்லாம் பல நாள் சுவையில்லாமல்தான் இருக்கும். கண்ணீர் வராது, காட்சியும் வராது. பரவாயில்லை. காது பழகிக்கொண்டிருக்கிறது. இயேசு எப்படிப் பேசுவார், எதைக் கண்டால் அவர் மனம் இரங்கும், எதைக் கண்டால் சினம் கொள்வார் என்று நற்செய்தியில் நாள்தோறும் கேட்டவருக்கு, கடையில் கல்லாப்பெட்டிமுன் உட்கார்ந்திருக்கும்போதும் ஏதோ ஒன்று பிசகினால் தெரியும்.

இந்தப் பழக்கம் இல்லாதபோதுதான் குறுக்கு வழி தேடுகிறோம். மாதா சுரூபத்தின்முன் இரண்டு சீட்டு எழுதிப் போட்டுக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்து விரல் வைக்கிறோம். திருத்தூதர்களே சீட்டுப் போட்டார்களே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மைதான், யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்கள். அது முதல் அதிகாரத்தில். இரண்டாம் அதிகாரத்தில் தூய ஆவியார் இறங்கி வந்தார். அதன் பிறகு அந்த நூல் முழுவதும் தேடிப் பாருங்கள், சீட்டே இல்லை. 15ஆம் அதிகாரத்தில் பெரிய சிக்கல் வந்தபோது எருசலேமில் கூடி உட்கார்ந்து பேசினார்கள், வாதாடினார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர்கள் அமைதியாகக் கேட்டார்கள், மறைநூலைப் புரட்டினார்கள், பிறகு முடிவு எடுத்தார்கள். சீட்டைவிட இது நேரம் பிடிக்கும் வேலை.

துரோவாவிலும் அப்படித்தான். மாசிதோனியர் ஒருவர் தங்களுக்கு உதவ வருமாறு வேண்டுவதாக இரவில் பவுல் காட்சி கண்டார். காட்சி கண்டது ஒருவர். ஆனால் அடுத்த வசனத்தில் லூக்கா "நாங்கள்" என்று எழுதத் தொடங்குகிறார். கடவுள் தங்களை அழைத்திருக்கிறார் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து புறப்பட்டதாகச் சொல்கிறார். பவுல் போன்ற பெரிய திருத்தூதரே தம் காட்சியைத் தோழர்கள் முன் வைத்தார். நம் வீடுகளில் கடன் வாங்குவது, நிலம் விற்பது, தொழில் மாற்றுவது எல்லாம் பத்திரம் எழுதிய பிறகுதான் மனைவிக்குத் தெரிகிறது. "என்னமோ எனக்கு மனசு ஒப்பலைங்க" என்று அவர் முன்பே சொல்லியிருப்பார். கணவர் காதில் அது வெறும் பயமாக விழுந்திருக்கும். ஆசியாவில் பவுலைத் தடுத்த ஆவியார் எந்தக் குரலில் பேசினார் என்று லூக்கா சொல்லவில்லை என்றேனே. உங்கள் சமையலறையிலிருந்து வரும் குரலையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இன்று இரவு, படுக்கப் போகுமுன், கைப்பேசியைப் பத்து நிமிடம் தள்ளி வைத்துவிட்டு உட்காருங்கள். காலையிலிருந்து நடந்தவற்றை ஆண்டவரோடு சேர்ந்து ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எங்கே மனம் நிறைந்தது, எங்கே உறுத்தியது? உறுத்திய இடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். இதுவரை ஆண்டவரிடம் பேசவே துணியாத காரியம் ஒன்று இருக்கும். அதற்கு உடனே முடிவு கேட்க வேண்டாம். "இதைப் பற்றியும் நாம் பேசலாம், ஆண்டவரே" என்று மட்டும் சொல்லுங்கள். சில நாட்கள் இப்படிச் சொன்ன பிறகு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைத் திறந்து பேசுங்கள். பங்குப்பணியாளராக இருக்கலாம், உங்களுக்குத் தாலாட்டுப் பாடிய அம்மாயியாகவும் இருக்கலாம். கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் வீடுகளில் பெற்றோர் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு என்ன சாமி தோணுது?" என்று கேளுங்கள். உடனே பதில் வராது.

கடைசியாக ஒரு செய்தி. காட்சியில் பவுல் கண்டது மாசிதோனிய ஆண் ஒருவரை. கடல் கடந்து பிலிப்பி நகருக்குப் போனபோது அப்படி யாரும் வந்து வரவேற்கவில்லை. ஓய்வுநாளில் ஆற்றங்கரையில் கூடியிருந்த சில பெண்களைத்தான் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் லீதியா. செந்நிறத் துணி விற்பவர். நம் திருப்பூர், கோவைக்காரர்களுக்கு உறவுக்காரர்போல. அவருடைய உள்ளத்தை ஆண்டவர் திறந்தார் என்கிறார் லூக்கா. அவரும் வீட்டாரும் திருமுழுக்குப் பெற்றார்கள். அவருக்குச் சொந்த ஊர் எது தெரியுமா? தியத்திரா. ஆசியாவில் இருக்கிறது, பவுலைப் போகவிடாமல் ஆவியார் தடுத்த அதே மாநிலத்தில்!

வரும் திங்கட்கிழமைத் திருப்பலியில் அவருடைய கதைதான் முதல் வாசகம்: திருத்தூதர் பணிகள் 16, வசனங்கள் 11 முதல் 15 வரை. ஐந்தே வசனங்கள். நாளை மாலை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து முன்கூட்டியே வாசித்து வையுங்கள். ஊர்ப் பெயர்களை அவசரப்படாமல், நிறுத்தி வாசியுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.